கொல்லிமலையில் ஒரு மரவீடு

கல்லும் மரமும் சுண்ணமும் சேர்ந்தது கட்டிடம் என்பர் உலகத்தார். ஆயினும், ஒரு கட்டிடத்தின் வரலாற்றை நுணுகி நோக்குங்கால், அஃது ஒரு மனிதனின் வரலாறாகவே வந்து முடிதலைக் காண்கின்றோம். சென்னை மாநகரின் வாணிக வீதிகள் கூடும் இடத்தில், துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் மாளிகையை நம்முள் அறியாதார் இலர். 1788-ஆம் ஆண்டில் அந்நகரில் வணிகந் தொடங்கிய தாமஸ் பாரி என்னும் வேல்ஸ் நாட்டார் 1824-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். இன்று ஆங்கு நிற்கும் டேர் மாளிகை 1940-ஆம் ஆண்டில் எழுந்தது. கல் மாறிற்று; கூரை மாறிற்று; உடையவரும் மாறினர்; பாரிமுனை என்னும் பெயர் மட்டும் மக்கள் நாவினின்று மாறவில்லை.

தமிழ் பயில்வார்க்குப் பாரி என்றதும் பறம்புமலை வள்ளல் நினைவுக்கு வருதல் இயல்பு. வணிகர் பாரிக்கும் வள்ளல் பாரிக்கும் பெயரொலி ஒன்றைத் தவிர வேறு தொடர்பு இல்லை. எனினும், அவ்வொலி எம் கருத்தைக் கடற்கரையினின்று மலைக்கு ஈர்த்துச் செல்கின்றது. பாரியோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் எழுவருள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலைக்கு உரியவன். அம்மலையில் பெருவணிக மாளிகைகள் எழுந்ததில்லை, கடைவீதிகளும் இருந்ததில்லை. ஆயினும், ஓரி மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின், கீழ்நாட்டில் அறுத்துப் பொருத்திய பலகைகளை ஆட்கள் சுமந்து செல்ல, ஆங்கு ஒரு சிறு மரவீடு எழுந்தது. அவ்வீட்டைக் கட்டியவர் ஜெஸ்ஸி மான் பிராண்டு என்னும் ஆங்கிலேயர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

முதற்கண் மலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். கொல்லிமலை கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கண்டாரை மயக்கி உயிர் கொள்ளும் கொல்லிப்பாவை உறைந்த இடமெனச் சங்கச் சான்றோர் பாடிய மலை இதுவே. அறப்பளீசுரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இங்குள்ளன. இந்நாளில் காரவள்ளியினின்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறிச் செல்கின்றோம். நூறாண்டுகட்கு முன்னரோ, கால்நடையாக ஏறும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. மலையாளிகள் என வழங்கும் மலைவாழ் தமிழ் மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, நாடு நாடாகப் பிரிந்து வாழ்ந்தனர். கீழ்நாட்டாரோ அம்மலைக் காய்ச்சலுக்கு அஞ்சி ஆங்குத் தங்க ஒருப்படார். பழம்புலவர் பாடிய பாவையை அவர் கண்டிலர். ஆயினும், கொசுவின் வடிவில் கொல்லும் தெய்வம் ஒன்று அங்கு இருந்ததென்றே கூறலாம்.

பிராண்டு 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கில்டுபோர்டு என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே இறைப்பணிக்குத் தம்மை ஒப்புவித்த அவர், அயல்நாட்டுக்குச் செல்லும் ஊழியர்க்கு அடிப்படை மருத்துவங் கற்பித்த இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் செய்தவற்றின் அருமை அதனாலேயே மிகுகின்றது. 1907-ஆம் ஆண்டில் ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சார்ந்து இந்தியாவுக்கு வந்தார். தமிழ் கற்றுக் கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்த சேந்தமங்கலத்தில் ஊழியஞ் செய்து வந்தார். நாள்தோறும் அவர் கண்முன் நின்றது அந்நீலமலை. ஏறிப் பார்த்தார். நோயுற்றார் பலர், மருந்து தருவார் எவரும் இலர், எழுத்தறிவிக்கும் பள்ளி இல்லை. அடிவாரத்தில் இருந்துகொண்டு இடையிடையே ஏறி இறங்குதல் போதாது, அம்மக்களிடையே குடியிருத்தல் வேண்டும் என்று துணிந்தார்.

குடியிருக்க வேண்டின் வீடு வேண்டும். பிராண்டு உளியும் வாளும் பிடிக்கத் தெரிந்தவர். வீட்டின் பகுதிகளைக் கீழ்நாட்டிலேயே செய்து முடித்தார். ஆட்கள் அவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஒற்றையடிப் பாதையில் மேலேற்றினர். வாழவந்தி நாட்டில் அவை மீண்டும் பொருத்தப்பெற்றன. மலையிலே கறையானின் கொடுமை பெரிது. பலகை வீடு அதற்குப் பெருவிருந்து. ஆதலின் வீட்டைத் தரையினின்று உயர்த்திக் கால்களின்மேல் நிறுத்தினார். ஒவ்வொரு காலின் தலையிலும் இருப்புச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். கால்வழி ஏறும் கறையான் கவிழ்ந்த சட்டியின் விளிம்பைக் கடக்கமாட்டாது திரும்பும். எளிய உத்தி, ஆயினும் அம்மனிதரின் இயல்பு முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது. கையிற் கிடைத்த பொருளைக் கொண்டு கண்முன் நின்ற இடரை நீக்குதலே அவர் வாழ்நாள் முழுதுங் கையாண்ட முறை.

அவ்வீட்டுக்கு உரிய தலைவி ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் என்னும் மங்கையார். இவர் 1879-ஆம் ஆண்டில் பிறந்தவர். இலண்டனிற் செல்வக் குடியில் வளர்ந்தவர். ஓவியக் கலையில் தேர்ந்தவர். இருவர்க்கும் 1913-ஆம் ஆண்டு சேந்தமங்கலத்தில் திருமணம் நிகழ்ந்தது. மணமுடித்த கையோடு மலைப்பயணந் தொடங்கினர். மணமகள் டோலியில் சென்றார். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. நனைந்த ஆடையும் சேறு படிந்த அடியுமாகப் புதுமணத் தம்பதிகள் தங்கள் மரவீட்டை அடைந்தனர். வாழவந்தி என்னும் அப்பெயர் வாழ வந்தோரைக் குறிக்குமாறு ஒலிப்பதை எண்ணி யாம் வியக்கின்றோம். வந்தவர் இருவரும் மீளாது அம்மண்ணிலேயே தங்கிவிட்டனர் அன்றோ!

வீடு எழுந்தது, ஆயினும் மக்கள் உள்ளத்தில் இடம் எழவில்லை. வெள்ளைக்காரன் எதற்காக மலையேறி வந்தான் என்னும் ஐயம் எங்கும் நிலவிற்று. அவ்வூர்ப் பூசாரி புதுச் சமயத்தாரை வெளிப்படையாக எதிர்த்தார். அவரை நாம் பழித்தல் நேர்மையாகாது. தம் முன்னோர் வழிபாட்டையும் தம் மக்களின் ஒற்றுமையையும் காத்தல் தம் கடனென அவர் கருதினார். புதுநெறியைத் தழுவியவன் உறவின்றி, கொள்வினை கொடுப்பினை இன்றித் தனித்து நிற்க நேரிடும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அதனால் பிராண்டின் மருந்தைப் பெற்றோர் பலராயினும், அவர்தம் சமயத்தை ஏற்க முன்வந்தார் ஒருவரும் இலர். ஓராண்டன்று, ஈராண்டன்று, ஆறாண்டுகள் இவ்வாறே கழிந்தன. பயனைக் கண்ட பின்னரே உழைப்பேன் என்பவன் முதலாண்டின் முடிவிலேயே மலையிறங்கியிருப்பான். பிராண்டு இறங்கவில்லை.

அவ்வாண்டுகளில் அவர் செய்த மருத்துவத்துள் ஒன்றை மட்டும் எடுத்துக் கூறுவோம். நரம்புச் சிலந்தி என்றொரு கொடிய நோய் அந்நாளில் நம் நாட்டிற் பரவியிருந்தது. நோயுண்டாக்கும் நுண்புழு, கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சியின் உடலிலே தங்கி, குடிநீரோடு மனிதன் வயிற்றை அடையும். ஓராண்டளவில் ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளந் தோற்றி வெளிப்படும். எரிச்சல் தாளாது நோயாளி குளத்திலோ படிக்கிணற்றிலோ காலை நனைப்பான். புழு தன் குஞ்சுகளை அந்நீரில் விடும். அந்நீரையே ஊரார் முகந்து குடிப்பர். இவ்வாறு நோய் சுழன்று கொண்டேயிருக்கும். புழுவை விரைந்து இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் சீழ்ப்பிடித்து உயிருக்கே தீங்காகும். பிராண்டு புழுவின் தலையை ஒரு சிறு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிதாகப் பொறுமையோடு வெளியே வாங்குவார். மரவீட்டின் திண்ணையில் இம்மருத்துவம் நடைபெறுவதை அவர் மகன் சிறுவனாக இருந்து கண்டான்.

புழுவை வாங்கியதோடு அவர் நின்றாரல்லர். நோயின் வேர் கிணற்றில் உள்ளது என்பதை மக்களுக்கு எடுத்துரைத்தார். நீரிற் காலை வைக்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கயிற்றால் நீர் இறைக்குமாறு தூண்டினார். இக்கருத்தின் உண்மையைப் பிற்கால உலகம் நன்கு கண்டது. இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. நீரைக் காத்தும் வடிகட்டியுமே நம் நாடு அதனை வென்றது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோய் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்பெரும்போரில் ஒரு மலைமூலையில் முன்னரே நின்று பொருத தனிவீரருள் ஒருவராக எம் கண்ணுக்குப் பிராண்டு தோன்றுகின்றார்.

இனி, அம்மரவீட்டைச் சுற்றி எழுந்த பணிகளைக் காண்போம். பள்ளிகள் தோன்றின. தச்சும், செங்கல் ஓடு அறுத்தலும், நெசவும் இளைஞர்க்குக் கற்பிக்கப்பெற்றன. முசுக்கட்டைச் செடி வளர்த்துப் பட்டுப்பூச்சி பேணினர். ஆரஞ்சு மரங்கள் நடப்பட்டன. இவையெல்லாம் ஒரு சமய ஊழியர்க்கு எற்றுக்கு என வினவுவாரும் உளர். மலையில் விளைந்த பொருளை மலிந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கீழ்நாட்டாரிடம் கடன்படுதல் மலைமக்களின் நெடுநாளைய துன்பம். கையில் ஒரு தொழில் உளதாயின் கடன் குறையும்; கடன் குறைந்தால் நிலம் தங்கும்; நிலம் தங்கின் மானம் தங்கும். இதனை உணர்ந்தவர் பிராண்டு. குதிரைமேலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று, காலையில் நோய் தீர்த்து, பகலில் மரம் அறுத்து, மாலையில் வேதம் உரைத்தார். இம்மூன்றனுள் எது ஊழியம், எது ஊழியம் அன்று என அவர் பிரித்துப் பார்த்ததில்லை. தச்சர் இல்லத்தில் வளர்ந்த இயேசு பெருமானைத் தலைவராகக் கொண்டவர்க்கு இழைப்புளியும் இறைப்பணிக் கருவியே என்பது இயல்பன்றோ!

1918-ஆம் ஆண்டு வந்தது. ஐரோப்பியப் பெரும்போரின் இறுதியிலே உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா என்னும் விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. கொல்லிமலையும் தப்பவில்லை. குடிசை தோறும் பிணி. தண்ணீர் மொண்டு தருவாரும் இன்றிக் குடும்பங்கள் ஒருங்கே வீழ்ந்தன. அச்சத்தால் அண்டை வீட்டாரும் அணுகிலர். அந்நோய்க்கு மருந்து அந்நாளில் எவரிடத்தும் இல்லை, பிராண்டிடத்தும் இல்லை. அவர் என் செய்தார்? மனைவியாருடன் அரிசிக் கஞ்சி காய்ச்சினார். பானையைச் சுமந்து குடிசை குடிசையாகச் சென்று, எழமாட்டாது கிடந்தோர் வாயிற் கரண்டியால் ஊட்டினார்.

எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அக்காய்ச்சலுக்கு இரையாயினர். தம் உயிர் பிரியும் நிலையில், அப்பூசாரி தம்மைச் சூழ்ந்த உலகை ஒருகணம் நோக்கியிருத்தல் வேண்டும். உறவினர் அஞ்சி அகன்றனர். ஆறாண்டுகளாகத் தாம் விலக்கி வைத்த அயலாரே கஞ்சிப் பானையுடன் வாயிலில் நின்றனர். தம் பெண் குழவியை அவர் பிராண்டு தம்பதிகளிடம் ஒப்படைத்துக் கண்மூடினார். ரூத் என்னும் பெயருடன் அக்குழந்தை மரவீட்டில் வளர்ந்தது. தந்தை தன் மகவை எவரிடம் ஒப்படைக்கின்றானோ அவரையே உண்மையில் நம்பினான் என்பதை மலைமக்கள் சொல்லாமலே உணர்ந்தனர். ஆறாண்டுச் சொற்பொழிவுகள் திறக்கமாட்டாத கதவு ஒரு கஞ்சிக் கலயத்தால் திறந்தது. அதன் பின்னரே ஒருவர் இருவராக மக்கள் அவர் நெறியை அணுகத் தொடங்கினர்.

பிராண்டு தம்பதிகளுக்கு மக்கள் இருவர். மகன் பால் 1914-ஆம் ஆண்டில் பிறந்தான். மகள் கோனி அவனுக்கு இளையவள். 1923-ஆம் ஆண்டில் விடுமுறையில் தாயகஞ் சென்ற பெற்றோர், கல்வியின் பொருட்டு மக்கள் இருவரையும் இலண்டனில் உறவினர்பால் விட்டு மலைக்குத் திரும்பினர். ஊழியர் வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியிற் கூறிக் கடந்து விடுவர். யாம் அவ்வாறு கடக்க இயலாது நிற்கின்றோம். ஒன்பது வயதுச் சிறுவன் தந்தையைப் பிரிகின்றான். கடல் இடையே கிடக்கின்றது. வாரந்தோறும் கடிதம் ஒன்றே உறவு. மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றித் தந்தையார் எழுதுவார். மகன் படித்து மலையை மனத்தால் மீண்டும் காண்பான். இத்தியாகத்திற் பாதியைச் செய்தவர் பெற்றோர். மற்றைப் பாதியைச் செய்தவர், கேளாமலே அதில் பங்கு கொள்ள நேர்ந்த அக்குழந்தைகள்.

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிராண்டு காய்ச்சலுற்றார். மலைக்காய்ச்சலின் கொடிய முடிவாகிய கருநீர்க் காய்ச்சலாக அது முற்றிற்று. இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்தோடும் அந்நோயினின்று தப்பினோர் அந்நாளில் சிலரே. ஆயிரக்கணக்கானோரின் காய்ச்சலுக்கு மருந்தளித்தவர்க்கு, அவ்வேளையில் அருகிருந்து மருந்தளிக்க மலைமேல் மருத்துவர் இல்லை. அந்தோ! நாற்பதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் அவ்வுயிர் பிரிந்தது. அவர் உடல் வாழவந்தி நாட்டு மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றது.

இலண்டனில் இருந்த மகனுக்குத் தந்திச் செய்தி உடனே எட்டியது. கடிதங்களோ கப்பலேறிப் பல வாரங் கழித்துச் செல்பவை. ஆகவே, தந்தை இறந்தார் என்று அறிந்த பின்னரும், அத்தந்தை உயிரோடிருந்த நாளில் எழுதிய கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மகன் கைக்கு வந்து கொண்டேயிருந்தன. இறந்தவர் கையெழுத்தில் மலைமரங்களின் செய்தி! இதனினும் உள்ளத்தை உருக்கும் நிகழ்ச்சியை இவ்வரலாற்றில் யாம் கண்டிலேம்.

நிற்க. வித்து மண்ணில் வீழ்ந்தது, விளைவு யாது? கணவரை இழந்த ஈவ்லின் அம்மையார் தாயகத்திற் சில காலந் தங்கி மீண்டும் தமிழ்நாட்டுக்கே வந்தார். மிஷன் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் ஓய்ந்தாரல்லர். குதிரைமேல் ஏறிக் கொல்லிமலையிலும், கல்வராயன் மலை, பச்சைமலை முதலியவற்றிலும் ஊர் ஊராகச் சென்று உழைத்தார். 1974-ஆம் ஆண்டில், தொண்ணூற்றைந்து வயதில் அவர் மறைந்தபோது, நாற்பத்தைந்து ஆண்டுகட்கு முன் மறைந்த கணவர் அருகிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

மகன் பால், தந்தையார் வழியில் முதலில் தச்சும் கல்தச்சும் உள்ளிட்ட கட்டிடத் தொழிலைச் சில ஆண்டுகள் பயின்றார். பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று, 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அழிவது தசை தானே அழுகுவதால் அன்று, வலியுணர்வு இழந்தமையால் நேரும் காயங்களாலேயே என்பதை உலகறியக் காட்டினார். நல்ல தசைநாண்களை இடமாற்றித் தைத்து, மடங்கி இறுகிய கைகளை நிமிர்த்தினார். நிமிர்ந்த கைகள் சும்மா இராது உணவு தேடுதற்குத் தச்சுப் பட்டறையையும் அமைத்தார். 2003-ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அப்பெருமருத்துவரின் கைகளில், மலையில் புழுவை மெல்ல மெல்லச் சுற்றி வாங்கிய தந்தையாரின் பொறுமை குடிகொண்டிருந்தது என்று கருதுகின்றோம்.

வாணிகஞ் செய்வார் மாளிகைக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. வரவும் செலவும் அதில் விளங்கும். கொல்லிமலை மரவீட்டிற்கும் அவ்வாறு ஒரு கணக்கு எழுதுவோமாயின், செலவுப் பக்கம் நிரம்பி வழியும்: ஆறாண்டுக் காத்திருப்பு, மக்களைப் பிரிந்த துயர், நடுவயதில் இழந்த உயிர். வரவுப் பக்கத்தில் பிராண்டு கண்ணாற் கண்டது சிறிதே. பூசாரியின் குழந்தையையும் சிறு திருச்சபையையும் அவர் கண்டார். நரம்புச் சிலந்தி நீங்கிய நாட்டை அவர் கண்டிலர். மகன் நிமிர்த்திய கைகளையும் கண்டிலர். எனினும், கணக்கு அவரோடு முடியவில்லை.

கல்லூரியை விட்டு வெளியேறும் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வீட்டைக் கட்டவே போகின்றோம். அது பாரிமுனை மாளிகை போல் உயர்ந்ததாயினும் ஆகுக. வாழவந்தி மரவீடு போல் சிறியதாயினும் ஆகுக. அதன் உயரத்தை உலகம் அளந்து கொள்ளட்டும். பிணியுற்றான் ஒருவன் அஞ்சாது அதன் திண்ணையில் வந்து அமர்வானா, இறக்குந் தந்தை ஒருவன் தன் மகவை அவ்வீட்டாரிடம் ஒப்படைப்பானா என்பவற்றை மட்டும் நாம் நமக்குள்ளே வினவிக் கொள்வோமாக.